ஜமாப் வண்டியின் பின் டயர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், வயசாகியிருக்க வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. பெருந்துறை ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்த வசந்தமணிக்கு முப்பத்திநாலு வயது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, டயரில் அடையாளம் போடும் சாக்பீஸைக் காதில் செருகியிருப்பாள். அவளுடைய சிஷ்யர் துரைசாமிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. மில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். மில்லை மூடியதும் நேரே அவளிடம் வந்து, "எனக்குச் சொல்லிக் குடுங்க அம்மணி" என்று நின்றார்.

அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை.

துரைசாமி கெட்டிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம். நாலு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டினால், எந்தச் சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரை காட்டும். அளவு சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. பச்சை வருகிற வரைக்கும் அவர் சோறு தண்ணி பார்க்க மாட்டார்.

சாயங்காலம் கடை சாத்தும்போது வசந்தமணி கேட்பாள்.

"எப்படிங்ண்ணா இருக்குது?"

"எல்லாம் பச்சைங்க அம்மணி."

ஒரு நாளாவது வேறு பதில் வந்ததில்லை.

வசந்தமணி கோபிச்செட்டிபாளையத்தில் இன்னொரு கடை போட்டிருந்தாள். மெஷின் இறக்கி, போர்டும் மாட்டியாயிற்று. தனியாக இருந்து பார்த்துக்கொள்ள ஆள்தான் வேண்டும். அந்தச் சாவி தன் கைக்கு வர வேண்டும் என்பது துரைசாமியின் ஆசை. ஆசை என்ன, அதை நினைத்துக்கொண்டேதான் படுப்பார், எழுந்திருப்பார்.

"அம்மணி, நான் எப்பத் தனியா கடை பார்க்கலாம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மாதேஸ்வரன் வண்டி எப்ப டயரைத் திங்காம ஓடுதோ, அப்ப."

துரைசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மாதேஸ்வரன் ஜமாப் என்கிற மோள செட் வைத்திருக்கிறவன். திருவிழாவில் அவன் ஆட்கள் மோளத்தை இறுக்கி ஓர் அடி அடித்தால் நின்றுகொண்டிருக்கிற கிழவருக்கும் கால் தானாக ஆடும். அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தான். பார்க்க அம்சமாக இருக்கும். ரோட்டில் எறும்பு குறுக்கே போனால்கூட இடிக்குமோ என்று நமக்குத் தோன்றும். அப்படி ஒரு தாழ்ச்சி.

வண்டி தாழ்ந்தால் சக்கரம் உள்பக்கமாகச் சாயும். டயரின் உள் விளிம்பு தேயும். துரைசாமி அதற்கென்று தனி போல்ட் போட்டு, சாய்மானத்தை நிமிர்த்தி, திருப்பத்தைச் சரிசெய்து, நாலு சக்கரத்தையும் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பினார். வண்டி திரும்பி வந்தது. மறுபடியும் பச்சை, மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை மாதேஸ்வரன் காரிலிருந்து இறங்கியதும் பின் டயர் ஒன்றைத் தூக்கித் தரையில் போட்டான். வெளிப்பக்கம் புத்தம் புதுசு. உள்பக்கம் ரப்பர் போய்க் கம்பி தெரிந்தது. ஓரிடத்தில் கிழிந்தே இருந்தது.

"சித்தோடு தாண்டி வெடிச்சுருச்சுங்க. உள்ள நாலு பேரு இருந்தோம். அங்க சாமி புறப்பாட்டுக்குக் காத்துட்டு நிக்குது, நாங்க ரோட்டோரத்துல நிக்கறோம். மோளம் இல்லாம சாமி போச்சுங்கண்ணா. இந்தப் பொழப்புல இதைவிட அசிங்கம் இருக்குதா?"

துரைசாமி குனிந்து அந்தக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்த வாரம் தேரு. இன்னிக்குச் சரியாகாட்டி வண்டியைப் பழையபடி ஒசத்திக் குடுத்துருங்க. ஆசைப்பட்டது போதும்."

துரைசாமி வண்டியை லிஃப்டில் ஏற்றினார். கிளாம்ப் மாட்டினார். திரையைப் பார்த்தார். நாலும் பச்சை. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மணி," என்று கூப்பிட்டார். "எல்லாம் பச்சையாத்தான் இருக்குது. அப்புறம் ஏனுங்க தேயுது?"

வசந்தமணி திரையைப் பார்க்கவில்லை. காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். உள்ளே தூசி தும்பு இல்லை. மிதியடி துவைத்துக் காயவைத்துப் போட்டிருந்தது. டிக்கியைத் திறந்தாள், அதுவும் காலி. ஊதுபத்தி வாசனை வேறு. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் கூட்டிப் பெருக்கின வீடு மாதிரி இருந்தது கார்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். வளைந்த குச்சி ஒன்று கையில் வந்தது.

"இது என்னங்க?"

மாதேஸ்வரன் வெட்கப்பட்டான். "மோளக் குச்சிங்க. எல்லாத்தையும் எறக்கி வெச்சுட்டு, வண்டியக் கழுவிக் கொண்டாந்தேன். இது ஒண்ணு தப்பிச்சுருச்சாட்டம் இருக்குது."

"யாரு எறக்கச் சொன்னது?"

"நாந்தானுங்க," என்றார் துரைசாமி. "காலி வண்டியிலதான் அளக்கோணும்னு வண்டிப் புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களே. வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்றதுதான்."

வசந்தமணி மாதேஸ்வரனைப் பார்த்தாள். "இந்த வண்டி காலியா எப்பங்க ஓடும்?"

அவன் யோசித்தான். "வாட்டர் சர்வீசுக்கும், உங்க கடைக்கும் வர்றப்பங்க."

"அப்ப போயி, தேருக்கு எப்படிப் போவீங்களோ அப்படி வாங்க."

மாதேஸ்வரனுக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் போனான். துரைசாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். டீ வந்தது, ஆறியது, அவர் குடிக்கவில்லை.

கார் திரும்பி வந்தபோது பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. டிக்கியில் பெரிய மோளங்கள், சீட்டுக்கு நடுவில் தாசா என்கிற சின்ன மோளங்கள், காலுக்கடியில் துணி மூட்டை. ஆட்கள் மூன்று பேரும் மாதேஸ்வரனும். ஒருவன் மடியில் சலங்கைப் பை.

"யாரும் எறங்க வேண்டாம்," என்றாள் வசந்தமணி. "அப்படியே மேல ஏத்துங்க."

"ஆளோடயா?" என்றார் துரைசாமி.

"ஆளோட."

கிளாம்ப் மாட்டியாயிற்று. துரைசாமி திரைக்கு முன்னால் போய் நின்றார். முன் சக்கரங்கள் பச்சை. பின் சக்கரங்கள் இரண்டும் சிவப்பு. லேசான சிவப்பெல்லாம் இல்லை, அளவு காட்டும் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பாரம் அழுத்தினதும் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. வண்டி நேரே போகும், சக்கரம் நேரே போகாது. போகிற வழியெல்லாம் டயரைத் தேங்காய் துருவுகிற மாதிரி துருவிக்கொண்டுதான் போகும்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். இத்தனை நாளும் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்று நினைக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

வசந்தமணி ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

துரைசாமி வண்டிக்கு அடியில் போனார். நட்டைத் தளர்த்தினார். கொஞ்சம் திருப்பினார், வெளியே வந்து பார்த்தார், மறுபடி உள்ளே போனார். மேலே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், "அண்ணா, கால் மரத்துப் போச்சுங்க" என்றான். "தேருக்குப் போறப்ப மரக்காதா? உக்காரு," என்றார் துரைசாமி. மேலே சிரிப்பு கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது. பின் சக்கரங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பச்சைக்கு வந்தன. நட்டை இறுக்கினார். பின் டயர்களுக்குப் பாரத்துக்குத் தக்கபடி காற்றையும் கூட்டினார்.

"இப்ப எறங்குங்க," என்றார்.

அவர்கள் இறங்கினார்கள், மோளங்களும் இறங்கின. வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது. திரையில் பின் சக்கரங்கள் இரண்டும் சிவப்புக்குப் போய்விட்டன.

துரைசாமி வெளியே ஓடினார்.

"அம்மணி, காலியானதும் செவப்பு காட்டுதுங்க."

"காட்டட்டும்."

"பிரிண்ட் எடுத்தா அதுலயும் செவப்புதான் வரும். பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? வேலை தெரியாதவன்னு சொல்ல மாட்டாங்களா?"

"டயரு பிரிண்டைப் பார்த்தாங்ண்ணா தேயுது?"

துரைசாமி உள்ளே திரும்பிப் போனார். ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருந்தது. திரும்பவும் பச்சைக்குக் கொண்டுவர ஒரு திருகு போதும். கை அரித்தது. ஸ்பேனரைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். சிவப்போடு பிரிண்ட் எடுத்தார். அதை மாதேஸ்வரனிடம் தானே கொடுத்தார்.

"இதென்னங்கண்ணா, செவப்பா இருக்குது?"

"ஆமா. காலியா ஓட்டுனா லேசாத் தேயும். லோடோட ஓட்டுனா தேயாது. நீ எப்படி ஓட்டுவே?"

"லோடோடதானுங்க."

"அப்பப் போயிட்டு வா. வண்டிய ஒசத்த வேண்டாம்."

தேர் முடிந்தது. அதற்குப் பின்னால் வரிசையாகத் திருவிழாக்கள். சீசன் முழுக்க அந்தக் கார் கடைப்பக்கம் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் துரைசாமி ரோட்டைப் பார்த்தார். மாரியம்மன் பண்டிகை எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் வந்து நின்றது. கழுவவில்லை. உடம்பெல்லாம் புழுதி, கண்ணாடியில் காய்ந்த செவ்வந்தி மாலை, உள்ளே மோளம், ஆட்கள், பாதி தின்ற பொரி.

துரைசாமி குனிந்து பின் டயருக்கு உள்பக்கம் கையை விட்டார். விரலால் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரைக்கும் தடவினார். ஒரே மட்டம். நம்பாமல் இன்னொரு டயரையும் தடவினார். அதுவும் ஒரே மட்டம்.

நிமிர்ந்து பார்த்தால் வசந்தமணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கோபி கடைச் சாவி.

"புடிங்ண்ணா."

அவர் வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் ஆசைப்பட்டது கையில் கிடக்கிறது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அவள் எப்போதும் கேட்கிறதைக் கேட்டாள்.

"எப்படிங்ண்ணா இருக்குது?"

துரைசாமி வாயைத் திறந்தார். பழக்கப்பட்ட பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"பச்சை இல்லீங்க அம்மணி. வயித்துல நெருப்பைக் கட்டிட்டு நிக்கறாப்பல இருக்குது. அங்க கேக்கறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க. ஒரு வண்டி திரும்பி வந்தா என்ன பண்ணுவேன்னே தெரியலீங்க. இந்த வயசுல இன்னொரு தடவை தோத்துப் போறதுக்குத் தெம்பு இல்லீங்க."

வசந்தமணி காதிலிருந்த சாக்பீஸை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இப்பத்தானுங்ண்ணா லோடோட வந்திருக்கறீங்க. போயிக் கடையத் தொறங்க."