தலையில் அடித்த சத்தியம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்புக்குப் புதன்கிழமை கடைசிப் பாடவேளை, மனசுக்கான பாடம். கணக்கும் அறிவியலும் மனசுக்கு ஒதுக்கிக் கொடுத்த நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர் சுபத்ரா டீச்சர். கோபம் வந்தால் நாலு எண்ணி மூச்சு விடு, துக்கம் வந்தால் மனசு நோட்டில் எழுது, தோழி நம்பிச் சொன்னதை வெளியே விடாதே. இப்படிப் பத்துப் பாடம். பத்தையும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லிக்கொடுத்தார். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வகுப்பில் உச்சினி என்று ஒரு பெண். ஆடி மாதம் அப்பா தவறியதிலிருந்து யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். மதியச் சோற்றைப் பாதியில் மூடிவைப்பாள். என்ன என்று கேட்டால், "சும்மாதான் டீச்சர்" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் எதைத்தான் மறைக்கவில்லை!

ஒரு புதன்கிழமை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். சீருடை இல்லை, பச்சைப் பாவாடை சட்டை. கையில் சாக்லேட் பொட்டலம். பிறந்தநாள் என்றால் அந்தப் பள்ளியில் கலர் டிரஸ்ஸுக்கு அனுமதி உண்டு. வகுப்பாசிரியை கோமதி டீச்சர் பதிவேட்டைப் புரட்டினார். அதில் ஜூன் இரண்டு என்று இருந்தது. நடந்துகொண்டிருந்ததோ கார்த்திகை. கோமதி டீச்சர் சந்தேகப்படவில்லை. பதிவேட்டின்படி அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள்தான்! சேர்க்க வந்த அன்று பள்ளிக்கூடம் போட்டுக்கொடுத்த தேதி ஒன்று, அம்மா பெற்ற தேதி ஒன்று. எனவே இன்றைக்குத்தான் நிஜப் பிறந்தநாள் என்று முடிவுகட்டி, சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்தினார்.

அடுத்து உச்சினி சுபத்ரா டீச்சரிடம் போய் மனசு நோட்டை நீட்டினாள்.

"எனக்கு எல்லாம் சரியாயிட்டு டீச்சர். இனிமே இது வேண்டாம்."

நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை என்று டீச்சர் வகுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தார். திறக்கவில்லை. தன் பாடம் பலித்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது.

இடைவேளையில் தன் தோழி ஜெஸ்லினைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், தன் ஜியாமெட்ரி பாக்ஸை இனி உனக்குத்தான் என்று அவள் கையில் வைத்தாள் உச்சினி. பிறகு ஜெஸ்லின் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"நான் சொல்லுதத யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுட்டி."

பிறந்தநாள் ரகசியம் என்று நினைத்து ஜெஸ்லினும் சத்தியம் செய்தாள். அதன் பிறகுதான் உச்சினி சொன்னாள். "நாளைக்கு நான் இருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துல மட்டும் இல்ல, எங்கயுமே."

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சட்டம் இதுதான்: தலையில் அடித்த சத்தியத்தை மீறினால், எவள் தலையோ அவள் செத்துப்போவாள். ஆக, சொன்னால் உச்சினி சாவாள். சொல்லாவிட்டாலும் சாவாள். பதினாலு வயசுப் பெண் எந்தப் பக்கம் போவாள்?

கடைசிப் பாடவேளை வரை பொறுத்த ஜெஸ்லின், மெதுவாக எழுந்தாள்.

"டீச்சர், ஒருத்தி தலையில அடிச்ச சத்தியத்த மீறுனா, அவ செத்துருவாளா?"

சுபத்ரா டீச்சர் சிரித்தார். "அதெல்லாம் மூடநம்பிக்கை. ஆனா நம்பிச் சொன்னத வெளிய சொல்லக் கூடாது. பாடத்துல படிச்சோம்லா?"

ஜெஸ்லின் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது. உச்சினி பையை மேசையிலேயே விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வெளியே போனாள். மைதானத்தில் பாதி தூரம் போயிருப்பாள். ஜெஸ்லின் ஓடிவந்து, சுபத்ரா டீச்சர், அப்போதுதான் வகுப்பு வாசலுக்கு வந்த கோமதி டீச்சர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கோமதி டீச்சர் முகம் வெளுத்தது. "அவகிட்ட எதுவும் கேக்காதீங்க! கேட்டா, இல்லாத நெனப்பையும் நாமளே உண்டாக்கிருவோம். நாளைக்கு அவ அம்மாவ வரச்சொல்லிப் பக்குவமாப் பேசுவோம்" என்றார்.

சுபத்ரா டீச்சர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. ஓடிப்போய் உச்சினியை மறித்து, "யார்ட்டயும் சொல்ல மாட்டேம்மா. எங்கிட்ட மட்டும் சொல்லு. உயிர விட்டுரணும்னு நெனைக்கியா?" என்று நேராகவே கேட்டார்.

உச்சினி, டீச்சருக்குப் பின்னால் வந்து நின்ற ஜெஸ்லினைத்தான் பார்த்தாள்.

"மீறிட்டேல்லா? இனி எனக்கு என்ன ஆனாலும் நீதான் காரணம்."

ஒருத்தி பேசவே வேண்டாம் என்றாள். ஒருத்தி நேராகக் கேட்டாள், ஆனால் ரகசியம் காப்பதாக வாக்கும் கொடுத்தாள். ஒருத்தி கொடுத்த வாக்கை உடைத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெஸ்லின் செய்ததுதான் முழுக்கச் சரி. சாவை மறைக்கும் சத்தியம் யாரையும் கட்டாது. கோமதி டீச்சர் பயந்தது வீண். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை, கேட்டால்தான் அது வெளியே வரும். அவர் சொன்ன நாளைக்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுபத்ரா டீச்சர் பாதி சரி. கேட்டது சரி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றது தப்பு. அதை அவரே உணர்ந்து, "இத நான் ரகசியமா வச்சிக்கிட மாட்டேம்மா" என்று திருத்திச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து உச்சினி வாய்விட்டு அழுதாள். அன்று பிறந்தநாளே இல்லை, எல்லோரிடமும் விடைபெறத்தான் அந்தச் சாக்லேட் என்றாள். அன்று சாயங்காலமே அம்மாவும் டீச்சரும் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இப்போது உச்சினி பள்ளிக்கு வருகிறாள், மதியச் சோற்றை முழுக்கச் சாப்பிடுகிறாள். எல்லோரும் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்கிறார்கள். ஜெஸ்லின் மட்டும் காலையில் உடனே வகுப்புக்குள் நுழைவதில்லை. உச்சினி உயிரோடு வந்துவிட்டாளா என்று பார்க்க வாசலிலேயே நிற்கிறாள். ஜெஸ்லினிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.