இரண்டு கொம்பையாக்கள்

அந்தக் காலத்தில் செம்போத்துப் பறவைக்கு மனிதப் பேச்சு இருந்தது. கண்ணும் கறுப்பாகத்தான் இருந்தது. கனத்த குரல் என்பதால், ஏரிக்கரை மல்யுத்தக் களத்தில் பேர் கூப்பிடும் வேலையை அதனிடம் விட்டிருந்தார்கள். ஆட்களுக்கு அப்போது வெறும் பேர்தான். பேருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது.

அந்தப் பக்கத்தில் இரண்டு கொம்பையாக்கள் இருந்தார்கள். ஊற்றடிக்காரன் மல்லன். பனைவிளைக்காரன் கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறவன். மல்லனுக்கென்று ஜனங்கள் கொடுத்தனுப்பும் பாலும் முட்டையும் கூத்துக்காரன் வீட்டில் போய் இறங்கும். மல்லன் குளிக்கப் போனால், கூத்துப் பார்த்தவர்கள், "நேத்து என்னமா அழுதீரு அண்ணாச்சி! எங்க வீட்டுல யாரும் சோறு திங்கலை" என்பார்கள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு, "அடுத்த தடவை கொறைச்சுக்கிடுதேன்" என்பான்.

களத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் ஆள் இறங்காவிட்டால், அவன் ஊருக்கு அந்த வருஷம் ஏரித் தண்ணீர் இல்லை. இறங்கித் தோற்றாலும் தண்ணீர் உண்டு.

அந்த வருஷம் ஊற்றடி வயலெல்லாம் கதிர் பிடிக்கும் நேரம். மாமனார் ஊருக்குப் போன மல்லன் இன்னும் வரவில்லை. கொக்கு ஒன்று பறந்து வந்து சொன்னது: "ஆத்துல வெள்ளம். அக்கரையில நிக்கான்."

"கொம்பையா!" என்றது செம்போத்து.

ஊற்றடி ஜனம் தலை குனிந்தது. மல்லனின் தங்கை பேச்சி ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பையா!"

சாயங்காலக் கூத்துக்காக வந்திருந்த கூத்துக்காரன் எழுந்தான். கால் சலங்கையை அவிழ்த்துப் பேச்சி கையில் கொடுத்தான்.

"அண்ணே, நீங்க வேற கொம்பையா அண்ணே."

"பேரைத்தானே கூப்பிடுதாங்க. உங்க அண்ணன் பேருக்கு வந்த பாலையெல்லாம் குடிச்சது யாரு? நான்தானே?"

இறங்கினான்.

எதிரே நின்றவன் தூர தேசத்து மல்லன். கொம்பையா என்ற பேரை மட்டும் கேட்டிருந்தான், முகம் தெரியாது. பேருக்குப் பயந்து, முதல் பிடியிலேயே முழு பலத்தையும் போட்டுத் தூக்கி அடித்தான். ஆள் இன்னார் என்று தெரிந்திருந்தால் பூப்போலக் கிடத்தியிருப்பான்.

கூத்துக்காரன் எழவில்லை. வெள்ளத்தை நீந்திக் கடந்த மல்லன் சொட்டச் சொட்ட ஓடிவந்து அவனை மடியில் எடுத்துக்கொண்டபோது, மூச்சு அடங்கியிருந்தது.

செம்போத்து தன் வேலையைச் செய்தது. ஊர் ஊராகப் பறந்து, "கொம்பையா போயிட்டான்" என்று சொன்னது.

பனைவிளையும் கேட்டது. "ஐயோ, அந்த மல்லனா!" என்று உச்சுக் கொட்டியது. கூத்துக்காரன் மனைவி சிவனணைந்தாள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். "எத்தனை பாலு குடிச்சோம் அவுக பேரைச் சொல்லி. இவுக வரட்டும். சாப்பிட்டுட்டு ரெண்டு பேருமா அழப் போவோம்" என்றாள்.

செம்போத்து கூரை மேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. "உன் கொம்பையா" என்று சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை.

பொழுது சாயும்போது மல்லன் வந்தான். தோளில் உடல். பின்னால் சலங்கையை ஏந்திக்கொண்டு பேச்சி. வாசலில் நின்று அவன் சொன்னான்:

"பனைவிளைக் கொம்பையாவக் கொண்டாந்திருக்கேன், தாயி."

அவள் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

செம்போத்து கண் சிவக்க அழுதது. அந்தச் சிவப்பு இன்றுவரை மாறவில்லை. ஒரு பேரையும் சொல்லாமல், புதருக்குள் இறங்கி "கூப் கூப்" என்று மட்டும் யாரையோ கூப்பிட்டபடி நடந்தது, இப்போதும் நடக்கிறது.

மறு வருஷம் களத்தில் பேர் கூப்பிட்டவன் ஊற்றடி மல்லன். ஒவ்வொருவனையும் அவனவன் ஊரைச் சொல்லித்தான் அழைத்தான். அன்று முதல்தான் களத்தில் இறங்குகிறவனுக்கும் மேடை ஏறுகிறவனுக்கும் ஊர் முன்னால் நடக்கிறது, பேர் பின்னால் வருகிறது. எந்த வீட்டில் அழ வேண்டும் என்று யாரும் தேடக் கூடாது என்பதற்காக.