இரும்புக்கு ஒலிக்காத மெஷின்

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே ஒரு சிறிய மடம். அதை நடத்தியவர் தவமணி அம்மை. அவருடைய சீடர் சிதம்பரதாணு அவரைவிட இருபது வயது மூத்தவர்; மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நீராட வருகிறவர்கள் மணலில் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பது அம்மை அவருக்குத் தந்திருந்த பணி. மடத்தில் ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் இருந்தது. எந்த உலோகத்துக்கும் ஒரே மாதிரிக் கத்தும்.

ஒருநாள் தாணு சொன்னார்: "நாள் முழுக்க முட்டி போட்டுத் தோண்டுகிறேன் அம்மா. வருவதெல்லாம் ஆணியும் சோடா மூடியும்தான். புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது. இரும்பைத் தள்ளிவிட்டுத் தங்கம், வெள்ளிக்கு மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்."

"வாங்கிக்கொள்ளுங்கள்," என்றார் அம்மை.

முதல் வாரத்திலேயே ஒரு தாலிச் செயின் கிடைத்தது. அதைத் திரும்பப் பெற்ற பெண் அவர் காலில் விழுந்தாள். கரையில் பலூன் விற்பவர்கள் அவரை 'டிடெக்டர் சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

மாசி மாதம், உச்சி வெயில். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பேச்சிமுத்து என்பவர் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால். தொடையிலிருந்து பாதம்வரை காலைத் தாங்கும் காலிபர் என்ற இரும்புச் சட்டம். முழங்காலில் அதைப் பூட்டும் வளையம் கழன்று மணலில் விழுந்துவிட்டது. அது இல்லாமல் ஊன்றினால் கால் மடங்கிக்கொள்ளும்.

"இந்த இடத்தில்தான் ஐயா," என்று மனைவி காட்டினாள்.

"என்ன உலோகம்?"

"இரும்புதான்."

தாணு சுற்றிலும் பார்த்தார். நல்ல கூட்டம். மெஷினை இரும்புக்கும் மாற்றினால் அடிக்கு ஓர் ஆணிக்குக் கத்தும். எல்லோரும் பார்க்க மறுபடி முட்டி போட வேண்டும். அவர் மாற்றவில்லை. அப்படியே பத்து முறை மணல்மேல் வீசினார். ஒலி வரவில்லை.

"நன்றாகத் தேடிவிட்டேன். இங்கே இல்லை."

"வெயிலில் உங்களைச் சிரமப்படுத்திவிட்டோம்," என்றார் பேச்சிமுத்து.

மனைவி அவரைத் தாங்கி நடத்தினாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். தாணு அந்தப் பக்கம் திரும்பாமல் மடத்துக்கு வந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து அம்மை கேட்டார். "என்ன தேடினீர்கள்?"

"ஒரு இரும்பு வளையம். கிடைக்கவில்லை."

"இது இரும்புக்கு ஒலிக்குமா?"

தாணு தலையைக் குனிந்துகொண்டார். "இப்போது வைத்திருக்கிறபடி ஒலிக்காது."

"மாற்றி வைக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நொடி."

தாணு மெஷினை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். கூட்டத்தின் நடுவே முட்டி போட்டார். பதினோரு ஆணி, ஒரு கத்தி முனை, பிறகு வளையம். பேச்சிமுத்துவின் மனைவி காட்டிய இடத்திலிருந்து இரண்டு சாண்கூட இல்லை.

அவர்கள் ஏறியிருந்த பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தார். பேச்சிமுத்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏரலில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகவும், அந்தப் பக்கம் வந்தால் அவசியம் வர வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி வந்த தாணு அம்மையின் முன் உட்கார்ந்தார்.

"கொடுத்துவிட்டீர்களா?"

"கொடுத்துவிட்டேன்."

"முதலில் ஏன் கிடைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லையா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீர்கள்?"

"மெஷினில் ஏதோ கோளாறு என்றேன்."

அம்மை மெஷினைக் கையில் எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்து, அவர் பக்கத்தில் வைத்தார்.

"மெஷினில் ஒரு கோளாறும் இல்லை ஐயா," என்றார். "ஏரலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"