மஞ்சள் வேன் பச்சையான கதை

"மாஸ்டர், இந்தப் பெயிண்ட்ல ஏதோ கோளாறு. மஞ்சள் வெச்சா பச்சையா மாறுது."

அமலன் எட்டிப் பார்த்தான். தாள் முழுக்க நீலம் பூசி, காயவைத்து, அதன்மேல் ஒரு பள்ளிக்கூட வேன் வரைந்திருந்தாள் அஞ்சலாட்சி. மஞ்சளாக இருக்கவேண்டிய வேன், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது.

"எத்தனை தடவை பூசினீங்கக்கா?"

"எண்ணல. மனசு திருப்தியாகுற வரைக்கும்."

"ஆச்சா?"

"எங்க ஆச்சு!"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அஞ்சலாட்சிக்குப் பெயிண்ட் கோளாறு. போகட்டும், பாவம், முதல் நாள்தானே.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. சிஷ்யைக்கு நாற்பத்தாறு. இடம், புதுச்சேரியில் ஒரு பேக்கரியின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. தாடி, காவி, ஆலமரம் என்று எதையும் தேடாதீர்கள். கிடைக்காது.

"இதுக்குப் பேரு குவாஷ்," என்றான் அமலன். "வாட்டர் கலர் மாதிரி தண்ணியில கரையும். ஆனா கெட்டி. அடியில இருக்கிறதை மறைச்சிடும். ஒண்ணே ஒண்ணு, காஞ்சதுக்கப்புறமும் தண்ணி வெச்சுத் தேய்ச்சா அடிக் கலர் எழுந்து வந்துடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"கெட்டியா எடுங்க. ஒரு தடவை வைங்க. கையை எடுத்துடுங்க."

"ஒரே தடவையா? அது எப்படி மாஸ்டர் போதும்?"

அமலன் எழுந்தான். கீழே போய் டீ வாங்கி வந்தான்.

டீயைக் கையில் வாங்கும்போது அஞ்சலாட்சி நன்றி சொன்னாள். குடித்து முடித்ததும் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள். படியில் பாதி இறங்கித் திரும்பி ஒரு தடவை.

"பரவாயில்லக்கா," என்று நாலு தடவையும் சொன்னான் அமலன்.

தெருவில் இறங்கி நின்று, மாடியைப் பார்த்துக் கும்பிட்டாள். அமலன் ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.



அடுத்த ஞாயிறும் வேன் பச்சைதான்.

"வேற ஏதாவது வரையலாமேக்கா. வாழைப்பழம், செம்பருத்தி, ஈஸியா ஏதாவது?"

"வேணாம் மாஸ்டர். இது என் தம்பி வண்டி."

தம்பி பெயர் ஏழுமலை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஏழுமலை மட்டும், யாரும் கேட்பதற்கு முன்னால், "என்னோடது பொருந்துமான்னு பாருங்க" என்று டாக்டர் முன்னால் போய் நின்றான். பொருந்தியது. கொடுத்தான்.

"இன்னிக்கு ஒரு சொம்புத் தண்ணி பயமில்லாமக் குடிக்கிறேன்னா அவனாலதான் மாஸ்டர்," என்றாள் அஞ்சலாட்சி.

"இப்ப எப்படி இருக்காரு?"

"கல்லு மாதிரி இருக்கான். ஆனா வீட்டுக்குத்தான் வர்றதில்ல. ஆறு மாசம் ஆச்சு."

சொல்லிக்கொண்டே பிரஷைக் கீழே போட்டுவிட்டாள்.

"சண்டையா?"

"சண்டை போட்டாதான் தேவலையே! சின்ன வயசுலேருந்து நாங்க கீரியும் பாம்பும். இப்ப என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்குறான். கடைசியா வந்தப்போ, 'கூடப் பொறந்தவனுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களாக்கா? விடேன்'னு சொல்லிட்டு, பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? பின்னாடியே ஓடிப்போய், வண்டி கிளம்புறதுக்குள்ள இன்னொரு தடவை கும்பிட்டேன்."

அமலன் பிரஷைத் துணியில் ஒற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் சொல்றது அவனுக்குப் போதல மாஸ்டர். வாயால சொன்னா போதல. அதான் ஒரு படமாப் போட்டுக் கொடுக்கலாம்னு. அடுத்த மாசம் அவன் பொறந்த நாள். சாப்பிட வாடான்னு கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. இதுவும் தப்பாப் போச்சுன்னா, எனக்குத் தம்பி இல்ல, அவ்வளவுதான்."

அமலன் அவள் பெயிண்ட் தட்டைப் பார்த்தான்.

"தண்ணி ஜாஸ்தியா இருக்குக்கா," என்றான்.



மூன்றாவது ஞாயிறு. சொன்னபடி கெட்டியாக எடுத்தாள். சொன்னபடி வைத்தாள். கையை எடுக்கத்தான் முடியவில்லை. ஓரத்தில் ஒரு சின்னத் திட்டு விட்டுப்போயிருக்கிறதே, அதற்கு ஒரு தடவை. பக்கத்தில் கொஞ்சம் வெளிறித் தெரிகிறதே, அதற்கு ஒரு தடவை. பத்து நிமிஷத்தில் பாசித் தொட்டி வந்துவிட்டது.

"என் கையே எனக்குச் சத்துரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு. அகலப் பிரஷால், மேலிருந்து கீழே நாலே இழுப்பு. வேன் உடம்பு நிறைந்தது. ஐந்தாவது இழுப்புக்கு, அதே இடத்துக்குக் கை போனது.

போனில் அலாரம் அடித்தது. பத்து மணி. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்கான மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பிரஷை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, கை கழுவி, மாத்திரையை விழுங்கி, மூச்சு வாங்கி உட்கார்ந்தாள்.

வேன் காய்ந்திருந்தது. மஞ்சளாக.

"அம்மாடி! மாஸ்டர், இங்க வந்து பாருங்களேன்! மஞ்சள் மாஸ்டர்! சுத்தமான மஞ்சள்!"

அதே சூட்டில் ஜன்னல்கள் வைத்தாள், டயர் வைத்தாள், முன்விளக்கு வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரே தடவை. பிறகு நன்றி ஆரம்பித்தது. அமலனுக்கு, அமலனின் அம்மாவுக்கு, பெயிண்ட் கம்பெனிக்காரனுக்கு. அமலன் பொறுமையாக நின்றான்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர். இதைக் கொடுக்கும்போது அவன்கிட்ட என்ன சொல்லணும்? எப்படிச் சொன்னா போதும்?"

அமலன் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிரஷைத் தண்ணீரில் முக்கினான்.

"நல்ல மஞ்சள்," என்று சொல்லி, வேன்மேல் ஒரு தடவை தேய்த்தான்.

"ரொம்ப நல்ல மஞ்சள்." இன்னொரு தடவை.

அடியிலிருந்து நீலம் எழுந்தது.

"எவ்வளவு நல்ல மஞ்சள்!" மறுபடியும்.

"ஐயையோ! என்ன பண்றீங்க! அது நல்லாத்தானே இருந்துச்சு! போதும் மாஸ்டர், விடுங்க!"

அமலன் பிரஷைக் கீழே வைத்தான்.

"சரிக்கா. விட்டுட்டேன்."

அஞ்சலாட்சி அவனைத் திட்ட வாயெடுத்தாள். நல்லாத் திட்டத் தெரிந்தவள்தான். ஆனால் பச்சையாகிப்போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாசலில் வண்டிக்குப் பின்னால் ஓடியது, கும்பிட்டது எல்லாம் நினைவுக்கு வந்து அழுதாள்.

அமலன் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான். படம் காய வேண்டுமே.

காய்ந்ததும் அவள் கெட்டியாக மஞ்சளை எடுத்தாள். வைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் படத்தைச் சுருட்டாமல் அட்டையில் வைத்து, பையைத் தோளில் மாட்டி, "வரேன் மாஸ்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அமலனுக்கு மனசு நிறைந்துவிட்டது.



பிறந்த நாளன்று ஏழுமலை வந்தான். வந்தவன் உள்ளே வராமல், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்றான். கண் தரையில் இருந்தது.

அஞ்சலாட்சி படத்தை நீட்டினாள். நன்றி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"இந்தா. நான் போட்டது," என்றாள். அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வாய் திறந்துவிடாமலிருக்க, கரண்டியை எடுத்துச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பெரிய கஷ்டத்தை அவள் ஆஸ்பத்திரியில்கூடப் பட்டதில்லை.

வாசலில் சத்தமே இல்லை. போய்விட்டானோ?

"அக்கா."

"என்னடா?"

"என் வண்டிக்கு இந்தப் பக்கம் எத்தனை ஜன்னல்?"

"அஞ்சு."

"இதுல எண்ணிப் பாரு."

கரண்டியோடு வந்து எண்ணினாள். ஏழு.

"வண்டியில அத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கே, கண்ணை எங்க வெச்சிருந்தே? நான் வேன் ஓட்டுறேனா, ரயில் ஓட்டுறேனா?"

"எருமை! வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடுடா!"

ஏழுமலை செருப்பைக் கழற்றினான்.