ராஜாவுக்குப் போட்ட அப்டேட்

இந்தக் கதையை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ரேடியோவின் உள்விவரம் ஒன்றும் தெரியாது, வெல்லப்பாகின் பதம்தான் தெரியும். எதையாவது தப்பாகச் சொல்லி அது ராஜா காதுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? முன்பெல்லாம் இந்தப் பயம் கிடையாது. ராஜா யார் பேச்சையும் கேட்கமாட்டார். இப்போது கேட்கிறார். எப்படிக் கேட்க ஆரம்பித்தார் என்பதுதான் கதை.

எங்கள் பூவரசங்கோட்டை ராஜா அதிவீரகண்டர் ஒரு ஹாம் ரேடியோ வாங்கினார். முகம் தெரியாதவர்களோடு ஆசைக்குப் பேசுகிற பெட்டி அது. ராஜா மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் வம்சம், தன் வீரம், தன் முழங்கால் வலி எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

விற்ற வியாபாரி சொக்கப்பன் கும்பிட்டான். "பதில் கேட்கிற வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கு மகாராஜா. பூட்டி வெச்சிருக்கோம். சாப்ட்வேர் அப்டேட் போட்டா திறந்துக்கும்."

"என்ன விலை?"

"அந்தப்புரத்து ஊஞ்சல்."

ஊஞ்சல் போயிற்று. சொக்கப்பன் ஒரு கம்பியைச் செருகி எடுத்தான். சிவப்பாக எரிந்த விளக்கு பச்சையாக எரிந்தது. பதில் வரவில்லை. அடுத்த அப்டேட்டுக்கு மயில்கள் போயின. பெட்டி "வருக வருக" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. "உலகத்தில் எனக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட ஆள் இல்லையா?" என்று ராஜா கண் கலங்கினார்.

"கடைசியா ஒரு பெரிய அப்டேட் இருக்கு" என்றான் சொக்கப்பன். "விலை, அரண்மனைச் சமையலறை. பாத்திரம், அடுப்பு, ஆட்களோட."

அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. பலகாரம் செய்கிறவள். வண்டியில் அண்டா குண்டாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவானே!

அப்போதுதான் அரசவை விகடகவி கோனேரி சமையலறைக்குள் வந்தார்.

"வடிவக்கா, கமர்கட் போடுங்க. கல்லு மாதிரி இருக்கணும்."

"சமையலறையே போகப்போகுது, உங்களுக்குக் கமர்கட்டா?"

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லக்கா. மைக்குல இருக்கிற பொத்தானை அமுக்கினா நாம பேசலாம். விட்டாத்தான் அடுத்தவன் பேசறது கேட்கும். நம்ம ராஜா விடறதே இல்ல."

"இதை அவர்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?"

"'கொஞ்சம் வாயை மூடுங்க மகாராஜா'ன்னா? வாங்களேன், நீங்களே சொல்லுங்க."

நான் வெல்லத்தை அடுப்பில் ஏற்றினேன்.

மறுநாள் சபையில் கோனேரி தட்டோடு எழுந்தார். "மகாராஜா, பெட்டிக்கு எத்தனையோ அப்டேட் போட்டாயிற்று. பேசுகிறவருக்கு ஒன்றுகூடப் போடவில்லையே! இதோ, இலவசம். ஒரு வாக்கியம் பேசியதும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்."

"ஐயையோ, இது கம்பெனி அப்டேட் இல்ல! வாரண்டி போயிடும்!" என்று சொக்கப்பன் கத்தினான்.

"யாருடைய வாரண்டி? ராஜாவுடையதா?" என்றார் கோனேரி. சொக்கப்பன் உட்கார்ந்துவிட்டான்.

ராஜா மைக்கைப் பிடித்தார். "பூவரசங்கோட்டை அதிவீரகண்டர் பேசுகிறேன்!" என்றார். பொத்தானில் வைத்த கட்டைவிரலை எடுக்காமல் இடக்கையைத் தட்டுக்கு நீட்டினார்.

"மகாராஜா, இடக்கையாலா!" என்றார் கோனேரி. ராணியம்மா முகத்தைச் சுளித்தார்.

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. மைக்கைக் கீழே வைத்து, வலக்கையால் கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. எனக்கு நினைவு தெரிந்து அந்தச் சபை அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான்.

பெட்டி கரகரத்தது.

"...பொத்தானை விடுங்கய்யா! பங்குனியிலிருந்து தொண்டை கிழியக் கத்துறேன், பொத்தானை விடுங்கய்யா! ...அட, விட்டுட்டாரா? வணக்கம் மகாராஜா! தீவுக் கலங்கரை விளக்கக் காவல்காரன் மரியதாஸ் பேசறேன். முழங்கால் வலிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்க!"

ராஜாவின் கண்ணில் தாரை தாரையாக நீர். மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். "ம்ம்ம்" என்றார். விட்டார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு மகாராஜா. நீங்க இவ்வளவு சுருக்கமாப் பேசி நான் கேட்டதே இல்ல!"

கமர்கட் கரையும்வரை இருவரும் இப்படியே பேசிக்கொண்டார்கள். பிறகு ராஜா சொக்கப்பன் பக்கம் திரும்பினார். "பொத்தான் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் மகாராஜா. ஆனா உங்களைப் பேசாதீங்கன்னு சொல்ல எனக்கென்ன ரெண்டு கழுத்தா இருக்கு?"

ராஜா சபையைப் பார்த்தார். எல்லோரும் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஊஞ்சலையும் மயில்களையும் அன்றே திரும்பக் கொண்டுவரச் சொன்னார். பதில் கேட்ட சந்தோஷத்தில் தன் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சிரித்த சிரிப்பில் ராஜாவின் வாயிலிருந்து கமர்கட்டின் கடைசித் துண்டு தரையில் விழுந்தது. அதோடு ஒரு கடைவாய்ப் பல்லும் விழுந்தது.

"இதைச் செய்தது யார்? கூப்பிடு!"

தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், பல் விழுந்ததுமே சமையலறைக்கு ஓடிவிட்டேன். காவலன் பின்னாலேயே ஓடிவந்தான். உண்மையைச் சொன்னாலும் வம்பு, பொய் சொன்னாலும் வம்பு. என்ன செய்தேன் தெரியுமா? மீதியிருந்ததில் பெரியதாக ஒரு கமர்கட்டை எடுத்து என் வாயில் போட்டு, நன்றாகக் கடித்துக்கொண்டுதான் சபைக்குப் போனேன்.

"என் பல் போனதற்கு என்ன சொல்கிறாய்?"

"ம்ம்ம்" என்றேன்.

ராஜா என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். பொக்கை தெரிய மறுபடி சிரித்தார்.

"கோனேரி, இந்த அம்மாவுக்கும் அப்டேட் போட்டுவிட்டாயா!"