சூட்டில் காய்ந்த தகடு

மனைவியை அடக்கம் செய்துவிட்டு, ஏழாம் நாள் பூசைக்குக்கூடக் காத்திராமல், சவரிமுத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார் பேராசிரியை உலகம்மாள். வயதில் அவர் இளையவர். ஆனாலும் சவரிமுத்துவுக்கு அவர்தான் குரு. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, நடுவயதில் பேட்டரி ஆய்வு படிக்க அவரிடம் வந்து சேர்ந்தவர் சவரிமுத்து.

"வீட்ல உக்காந்து என்ன செய்ய மேடம்? எல்லாத்தையும் முடிச்சாச்சு."

முடித்தது உண்மைதான். மனுஷன் துக்கத்தையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு மளமளவென்று தீர்த்திருந்தார். மனைவி ஸ்டெல்லாவின் சேலைகள் அனாதை இல்லத்துக்குப் போயின. படம் பீரோவுக்குள் போனது. ஒரே மகள் ஜெனோவாவைக் கன்னியர் நடத்தும் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"கெட்டிக்காரி மேடம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எல்லார்கூடவும் சிரிச்சுப் பேசுறாளாம்."

சவரிமுத்து கோட்டை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார்.

வேலை, பேட்டரிக்குள் போகும் தகடு செய்வது. மெல்லிய செப்புத் தாளில் கரிக்குழம்பைப் பூசிக் காயவைக்க வேண்டும். குழம்பில் கொஞ்சம்போல ரப்பர் பால் சேரும். அந்த ரப்பர் மின்சாரத்தைச் சேமிக்காது. ஆனால் மின்சாரம் ஏறினால் கரித்துகள்கள் வீங்கும், இறங்கினால் சுருங்கும். இழுத்த இழுப்புக்கெல்லாம் நெகிழ்ந்துகொடுத்து அவற்றைச் செம்போடு பிடித்துவைப்பது அதுதான்.

மத்தியானத்துக்குள் முதல் தகடு காய்ந்துவிட்டது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. சுருட்டப் போனபோது கருப்புப் பூச்சு அப்படியே பெயர்ந்து மேசையில் கொட்டியது. சவரிமுத்துவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மிச்சத் துண்டை எடுத்துக்கொண்டு நேரே குருவிடம் போனார்.

"அளவெல்லாம் சரி மேடம். ரப்பர் பாலைக் கடைசியாத்தான் ஊத்தினேன். திரிஞ்சிரும்னு மெதுவாத்தான் கலக்கினேன். அப்புறம் ஏன் உரியுது?"

உலகம்மாள் துண்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"மேல நல்லாத்தானே பிடிச்சிருக்கு" என்றார்.

பிறகு துண்டை ஒரு பென்சிலில் சுற்றினார். மெதுவாகத்தான் சுற்றினார். பூச்சு வெடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் செம்பு வெறுமையாகப் பளபளத்தது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். செம்பில் எதுவும் ஒட்டியிருந்த அடையாளமே இல்லை.

"ஓவன் சூடு எவ்வளவு வச்சீங்க?"

"கூட்டித்தான் வச்சேன். சட்டுன்னு காயட்டும்னு."

"தண்ணி அவசரமா மேல ஏறுறப்ப ரப்பரையும் கூட்டிட்டுப் போயிருச்சு. எல்லாம் மேலயே நின்னுருச்சு. அடியில ஒண்ணும் இல்ல."

சவரிமுத்துவின் போன் அடித்தது. விடுதியிலிருந்து சிஸ்டர்.

"ஜெனோவா காலையிலேருந்து கட்டிலுக்கு அடியில கிடக்கா. வெளிய வரமாட்டேங்கிறா. வாயத் திறக்கமாட்டேங்கிறா. நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

"என்ன ஆச்சு சிஸ்டர்?"

"பெருசா ஒண்ணுமில்ல. தலையணை உறைக்குள்ள ஒரு பழைய சேலையத் திணிச்சு வச்சிருந்தா. அழுக்கா இருக்கேன்னு கூடப் படிக்கிற பிள்ளை துவைச்சுப் போட்டுட்டா. அவ்வளவுதான்."

எந்தச் சேலை என்று சவரிமுத்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா கடைசியாக உடுத்தியிருந்த நீலச் சேலை. கொடுத்துவிட்டவற்றில் அதுவும் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அம்மாவின் வாசனையைப் பிள்ளை ஒளித்துக்கொண்டு போயிருக்கிறாள். அதையும் சோப்புத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

போனை வைத்தார். விஷயத்தைச் சொன்னார். மேசையில் கிடந்த கருப்புத் தூளை விரலால் கூட்டிக் கூட்டி ஒரு குவியலாக்கினார்.

"இதை மறுபடி ஒட்டவைக்க முடியுமா மேடம்?"

"உதிர்ந்தது உதிர்ந்ததுதான்."

பலகையில் இரண்டாவது தகடு கிடந்தது. சற்றுமுன் பூசியது, இன்னும் ஓவனுக்குள் போகவில்லை. சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது இன்னும் ஈரமாத்தான இருக்கு?"

"ஈரமாத்தான் இருக்கு."

"காய எவ்வளவு நேரமாகும் மேடம்?"

உலகம்மாள் எழுந்து போய் ஓவனை அணைத்தார். சவரிமுத்துவின் வண்டிச் சாவியை மேசையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அதைக் கேக்காதீங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க."