பின் சீட்டில் பிறந்தவள்

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, மரியபுஷ்பம் கார் சீட்டுகளைச் சுத்தம் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். தோல் சீட் என்றால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் ஒருவர்தான். பெயர் கோதண்டம். ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் டிரைவர் சம்பத்து. பக்கத்தில் அரிசி மில் முதலாளி துரைக்கண்ணு. கோதண்டம் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பழைய வேலையின் பழக்கம்.

துரைக்கண்ணு கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பின்னாடி கதவைத் திறடா" என்றார். சம்பத்து திறந்தான்.

சந்தன நிறத் தோல் சீட் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"இன்னாங்க ஆச்சு?" என்றாள் புஷ்பம்.

"அவனையே கேளு."

சம்பத்து தரையைப் பார்த்தபடி சொன்னான். "நேத்து சாயங்காலம் பேய் மழைம்மா. பாலத்தாண்ட ஒரு பொண்ணு இடுப்பு வலியில துடிச்சுனு இருந்துச்சு. பஸ்ஸும் இல்ல, ஆம்புலன்ஸும் வரல. ஏத்திக்கினேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பொறந்துடுச்சு. கூட வந்த அத்தைக்காரிதான் பார்த்துக்கிச்சு."

"ரெண்டு உசிரும் நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்காங்க. பொண்ணு."

புஷ்பம் சிரித்தாள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை.

"யாரு, எந்தத் தெருன்னு கேட்டானா இவன்? காலனிப் பொம்பளை. நான் கோயிலுக்குப் போற வண்டி இது." அவர் குரல் உயர்ந்தது. "இந்தத் தோலை உரிச்சு எரிக்கணும். சாம்பலை நான் பார்க்கணும். புதுசு போட்டுக் குடு."

"எரிக்க வேண்டியதில்லைங்க. கழுவினா போயிடும்."

"கறை போகும். தீட்டு போகுமா?"

புஷ்பம் சீட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சாயங்காலம் வாங்க" என்றாள்.

பின்னாலேயே வந்த மில் வேனில் அவர் ஏறிப் போனார். தோல் எரிவதை இருந்து பார்த்துவிட்டு, தான் திரும்பி வந்ததும் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகச் சொல்லி சம்பத்துக்கு உத்தரவு. அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

கோதண்டம் கேட்டார். "பிளேடு எடுத்துட்டு வரவா?"

"பஞ்சு எடுங்க."

"அவர் உரிக்கச் சொன்னாரே?"

"ஒரு வாளி தண்ணியும் எடுங்க."

அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

"வெந்நீர் வேணாம் அண்ணே. சூடு பட்டா ரத்தம் தோலோட பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணிதான்."

பஞ்சை நனைத்து, பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தார்கள். பிறகு சோப்பு நுரை. தையல் வரிகளுக்கு மட்டும் மெல்லிய பிரஷ். வாளித் தண்ணீர் சிவந்தது, கொட்டினார்கள். மறுபடி சிவந்தது, கொட்டினார்கள்.

 துரைக்கண்ணு சாதாரண ஆள் இல்லை. பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி அவருடையதும் அவர் மச்சானுடையதும்தான். சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபடியே கோதண்டம் துடைத்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"வாத்தியாரம்மா, கறையை நமக்குத் தெரியும். தீட்டு எப்படி இருக்கும்?"

புஷ்பம் தன் கையிலிருந்த துணியை அவரிடம் கொடுத்தாள். "தேடுங்க. கண்ணுல பட்டா சொல்லுங்க."

அவர் தேடினார். சீட்டின் முதுகைத் தடவினார். மடிப்புகளை விரித்துப் பார்த்தார். விரலைத் தையலுக்குள் ஓட்டினார். குனிந்து மோந்துகூடப் பார்த்தார். தோல் வாசனையும் சோப்பு வாசனையும்தான் இருந்தன. வெயில் தாழ்ந்துவிட்டது.

"கிடைச்சுதா?"

"இல்லைம்மா."

"அப்போ எதை எரிக்கிறது?"

கோதண்டம் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

துரைக்கண்ணு வந்தபோது கார் கதவுகள் நான்கும் திறந்திருந்தன. சீட் புதிதுபோல இருந்தது. அவர் சாம்பலைத் தேடினார்.

"இன்னாம்மா இது? உரிக்கச் சொன்னேனே."

"உரிச்சதுதாங்க இது" என்றாள் புஷ்பம். "மாட்டு மேல இருந்து."

எதிரே டீக்கடைப் பக்கம் நின்றிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"செத்த மாட்டை உரிச்சவங்க, சுண்ணாம்புத் தொட்டியில இறங்கித் தோலை ஊறவெச்சவங்க எல்லாரும் காலனிதாங்க. எங்கப்பாவும் அந்தத் தொட்டியில இறங்கினவர்தான். அது மேல உட்கார்ந்துதான் இத்தனை நாளும் கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்க. சாமி ஒண்ணும் சொல்லலியே."

துரைக்கண்ணுவின் முகம் கறுத்தது.  சம்பத்துப் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் உன்னாலடா. தெரியாம பண்ணிட்டேன், தப்புதான்னு இவ்வளவு பேர் முன்னாடி சொல்லு. வேலையில வெச்சுக்கறேன். இல்லைன்னா இப்பவே கெளம்பு."

சம்பத்து எழுந்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். கோதண்டத்துக்கு அது தெரியும். சொல்லிவிடு தம்பி, ஒரு வார்த்தைதானே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

சம்பத்து நிமிர்ந்தான்.  அவரைப் பார்த்துச் சொன்னான்.

"மறுபடியும் அதே மழை பேஞ்சு, அதே பொண்ணு அங்க நின்னா, மறுபடியும் நிறுத்துவேங்க."

சாவியைப் பானெட்டின் மேல் வைத்தான். கைகட்டிக்கொள்ளாமல் நின்றான்.

துரைக்கண்ணு சாவியை எடுத்தார். "இனிமே என் மில் வண்டியும் சரி, என் மச்சான் வண்டியும் சரி, இந்தப் பக்கம் வந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்றார். தானே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார்.

புஷ்பம் ஜன்னலருகே குனிந்தாள். "ஈரம் காயற வரைக்கும் வெயில்ல நிறுத்தாதீங்க. தோல் வெடிச்சுடும்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மில் வண்டிகள் வரவில்லை. மச்சானின் வண்டிகளும் நின்றன. சம்பத்து வாடகை ஆட்டோ ஓட்டப் போனான். பட்டறையில் சில நாள் ஒரு கார்கூட இல்லாமல் இருவரும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் தினமும் வழக்கம்போல் பிரஷ்களைக் கழுவி வைத்தாள். கோதண்டத்தால்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மதியம், வெடிக்கத் தொடங்கியிருந்த ஒரு பழைய சீட்டுக்கு அவர் கிரீம் தடவிக்கொண்டிருந்தார். புஷ்பம் எதிரில் உட்கார்ந்து மறு பாதியைத் தடவினாள்.

"வாத்தியாரம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னது நியாயம்தான். ஆனாலும் அன்னைக்குக் கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருக்கலாமோன்னு தோணுது."

அவள் கை நிற்கவில்லை. "இந்த கிரீமை எதுக்குண்ணே போடறோம்?"

"தோல் விறைக்கக் கூடாது. வளையணும்."

"வளைஞ்சு?"

"மேல யார் உட்கார்ந்தாலும் தாங்கணும்."

"சத்தம் போடாம."

"ஆமா. சத்தம் போடாம."

புஷ்பம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அது செத்த தோல் அண்ணே" என்றாள். "நம்மளது இன்னும் சாகல."